மறு: பில்பாக்ஸுக்குத் தமிழ்ச் சொல்

> ‘மாத்திரைப்பெட்டி அரண்’ என்றே போட்டுவிடலாமே?

ஐயா, வேண்டாம். பில்பாக்ஸ் (pillbox) என்பது உள்ளிருந்து துளை வழியே சுடுவதற்கான சின்னக் காங்கிரீட் அரண். முதல் உலகப்போரில், அந்தக் கால வட்ட மாத்திரைப்பெட்டி போன்ற அதன் உருவத்தைப் பார்த்துச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் அது. நம் வீடுகளில் மாத்திரைப்பெட்டி என்றால் கிழமைக்கு ஒரு மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பாதான். அதோடு, 1940-இல் இங்கிலாந்தில் கட்டியவற்றில் பெரும்பாலானவை வட்டமே இல்லை, அறுகோணம்.

பிரெஞ்சுத் துறைமுகமான டன்கர்க்கிலிருந்து தப்பி வந்த பிரிட்டிஷ் படை பீரங்கிகளைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. ஜெர்மானியர் கரையிறங்கினால் டாங்கிகளை வழியிலேயே மறிக்க, உள்நாட்டுப் படைத் தளபதி ஜெனரல் அயர்ன்சைடு ஆறு, கால்வாய்களை ஒட்டி அரண்வரிசை போட்டார். அந்த ஆண்டு நாடு முழுக்க எழுந்த காங்கிரீட் அரண்கள் ஏறத்தாழ 28,000. இன்று 6,500 அளவில் மிஞ்சியிருக்கின்றன.

தென் இங்கிலாந்தின் கென்னட்–ஏவன் கால்வாய்க்கரையில் நான் நடக்கும் வழியிலும் ஒன்று நிற்கிறது. வார்ப்புப் பலகையின் மரவரிகள்கூடச் சுவரில் அப்படியே பதிந்திருக்கின்றன. உள்ளே குனிந்து போனால் நடுவில் கவட்டை வடிவில் ஒரு சுவர். துளை வழியே நுழையும் குண்டு தெறித்து எல்லோரையும் பதம் பார்க்காமலிருக்க அந்த ஏற்பாடு. இப்போது அங்கே ஆட்டுப்புழுக்கையும் காஞ்சொறிச் செடியும்தான்.

குழி தோண்டிக் கட்டியதல்ல என்பதால் ‘பதுங்குகுழி’ பொருந்தாது. என் பரிந்துரை: சிற்றரண். அந்த அரண்வரிசைக்கு ‘மறிகோடு’. ஆங்கிலத்தில் அதை stop line என்பார்கள்; அப்படியே ‘நிறுத்தக்கோடு’ என்றால் சிக்னலில் போட்ட வெள்ளைக்கோடு ஆகிவிடும்.

———

> என் பரிந்துரை: சிற்றரண்

அண்ணா, ‘பதுங்குகுழி’ சரிவராது என்பது சரி. எங்கட வளவுக்குள்ள வெட்டின பங்கருக்கு மேல பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தம். குண்டு போடுற பொம்மர் சத்தம் கேட்டால் அதுக்குள்ள ஓடிப்போய்க் குந்தியிருக்கிறதுதான். அதுக்குள்ள இருந்து ஆரும் சுடுறதில்லை. நீங்கள் சொல்லுறது சுடுறதுக்கெண்டே கட்டினது. ‘சிற்றரண்’ எண்டால் அது தெரியாதே. சின்னக் கோட்டை எண்டுதான் விளங்கும். சுடுகிற துளையும் பெயரில வரவேணும்.

———

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அப்படியானால் புழையரண்?

கோட்டை மதிலில் அம்பெய்ய விட்ட துளைக்கு ‘ஏப்புழை’ என்று பழஞ்சொல் இருக்கிறது. ஏ என்றால் அம்பு. ‘புழை’ என்றதும், ஆலப்புழை என்ற ஊர்ப்பெயரில் உள்ளதுபோல, மலையாளத்தில் ஆற்றைக் குறிக்கும் ‘புழ’ நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லக்கூடும். ஆனால் நாம் தினமும் சொல்லும் புழக்கடையில் இருப்பதும் இந்தப் புழைதானே. துப்பாக்கித் துளையைத் தனியே குறிக்க ‘சுடுபுழை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தாளில் எழுதிப் பார்த்தேன்: “கால்வாயின் வடகரையில் அறுகோணப் புழையரண் ஒன்று. சுடுபுழை ஐந்து. சுவர் ஓரடிக்கு மேல்.” தடங்கல் இல்லாமல் படிக்க வருகிறது. ‘சிற்றரண்’ என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘மறிகோடு’ யாருக்காவது உறுத்தினால் சொல்லுங்கள். காங்கிரீட்டா, கொங்கிறீற்றா, கற்காரையா என்ற சண்டைக்கு வேறு இழை திறக்கவும்.