மறுமொழி: ‘ஜெனே உறுப்பு’க்குத் தமிழ்ச் சொல் – முட்டைமெழுகி?

நண்பர்களுக்கு வணக்கம். முதுகில் கேடயம் போன்ற கெட்டித் தகடு உள்ள உண்ணிதான் வன்னுண்ணி; அதன் பெண் இடும் முட்டைகளுக்கு மெழுகு பூசும் உறுப்பே ‘ஜெனே உறுப்பு’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஆள் பெயரால் வழங்கும் உறுப்புதானே? ‘ஜெனே உறுப்பு’ என்றே எழுதிவிட்டால் என்ன?

எழுதலாம். ஆனால் போன மாதம் திருத்தத்துக்கு வந்த ஒரு கட்டுரையில் இதை ‘மரபணு உறுப்பு’ ஆக்கியிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் ஜீனுக்கும் ஜெனேவுக்கும் வேறுபாடு கடைசி எழுத்தின் தலையில் உள்ள ஒரு கீற்றுதான்; அதைக் கவனிக்காமல் விட்டால் கதை கந்தல். ஜூசெப்பே ஜெனே என்ற இத்தாலிய விலங்கியலாளரின் பெயரை அடைப்புக்குறிக்குள் மரியாதையாக வைத்துக்கொள்வோம். தலைச்சொல் உறுப்பின் வேலையைச் சொல்லட்டும்.

> ‘மெழுகுச் சுரப்பி’ எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தேனீதான் நினைவுக்கு வரும். தேனீயின் வயிற்றடிச் சுரப்பி மெழுகைக் கசிய விடுவதோடு சரி. எடுத்துப் பிசைந்து கட்டுவதெல்லாம் காலும் வாயும். வன்னுண்ணியில் நடப்பது வேறு. ரத்தம் குடித்துப் புடைத்த பெண் உண்ணி, விலங்கின் உடலை விட்டுக் கீழே விழுந்து, ஒதுக்குப்புறமாகச் சில நாள் கிடந்த பிறகு முட்டையிடத் தொடங்குகிறது. அப்போது வாய்ப்பகுதியை வயிற்றுப் பக்கமாக மடக்கிக்கொள்ளும். தலைக்கும் முதுகுக் கேடயத்துக்கும் நடுவிலுள்ள மடிப்பிலிருந்து ஈரமான ஒரு பை, உள்ளே சுருண்டிருந்த கையுறை விரலை ஊதி வெளியே தள்ளினாற்போல், பிதுங்கி வரும். கீழே இனப்பெருக்கத் துளையிலிருந்து முட்டை வெளிப்பட்டதும் பை அதை வாங்கி, மெழுகு பூசி விட்டுவிட்டு உள்ளே சுருங்கிக்கொள்ளும். அடுத்த முட்டைக்கு மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஆயிரக்கணக்கில். பூசிய முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாகச் சேரும். எல்லாம் முடிந்ததும் தாய் செத்துவிடும்.

அதாவது, சுரப்பதும் அதுதான், கைநீட்டி வாங்குவதும் அதுதான். ‘சுரப்பி’ என்றால் பாதி வேலை விட்டுப்போகிறது.

இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. ‘மெழுகு’ பெயர்ச்சொல் மட்டுமல்ல, வினையும்கூட: மெழுகினாள், மெழுகிவிட்டான். பூசும் பொருளும் பூசும் செயலும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கடத்தி, ஊக்கி, வடிகட்டி வரிசையில் ‘மெழுகி’ என்றால் உறுத்தாது. எனவே என் முன்மொழிவு: முட்டைமெழுகி.

ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரித்து எழுதினால் ‘முட்டை மெழுகி வைத்தது’ என்று வினையெச்சமாகப் படிக்க இடமுண்டு. சேர்த்தே எழுத வேண்டும்.

> ‘சூல்மெழுகி’ என்றால் இன்னும் அழகு.

அழகுதான். ஆனால் தாவரவியலில் சூல் ஏற்கெனவே வேறு பொருளில் குடியேறிவிட்டது. தவிர, இங்கே பூச்சு விழுவது உடலுக்கு வெளியே வந்துவிட்ட முட்டையின் மேல்.

> இவ்வளவு சின்ன உறுப்புக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். இந்த உறுப்பு வெளிவராதபடி அடைத்துப் பார்த்த சோதனைகளில், பூச்சில்லாத முட்டைகள் ஈரம் இழந்து சுருங்கிப்போயின. பேபேசியா போன்ற நோய்க்கிருமிகள் தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. 1893இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும், பேபேசியாவால் வரும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று காட்டியபோதே, நோயுற்ற மாட்டில் குடித்த தாயைவிட அதன் குஞ்சுகள்தான் நோயைக் கொண்டுபோகின்றன என்பது தெளிவாகிவிட்டது. அந்த முட்டை காயாமல் குஞ்சு பொரிக்க வைப்பது இந்தப் பூச்சு. நோய்த்தடுப்பு பற்றித் தமிழில் எழுதுபவருக்கு இந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும்.

‘வன்னுண்ணி’ பற்றியும் ஒரு வரி. ‘ஓட்டுண்ணி’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். கேடயத்தை ஓடாகப் பார்த்தது நல்ல கற்பனை, ஆனால் முதல் நெடில் குறிலாக மாறினால் ‘ஒட்டுண்ணி’ ஆகிவிடும். அச்சுப்பிழைக்கு நாமே வாசல் திறந்து வைக்க வேண்டாம்.

அப்புறம், இதோடு சேர்ந்த இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. முதிர்ந்த பெண் வன்னுண்ணியின் தலை அடிப்பகுதியில், மேற்புறம், பொடிப்பொடித் துளைகள் நிறைந்த இரண்டு பள்ளங்கள் இருக்கும், ஆணுக்குக் கிடையாது. அங்கே கசியும் நீர் மெழுகோடு கலந்து, காற்றுப் பட்டு அது கெட்டுப்போகாமல் காக்கிறது. ‘துளைப்பரப்பு’ என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். ‘பரப்பு’ என்றால் அகலமாகத் தோன்றுகிறது. ‘துளைத்திட்டு’ என் தேர்வு. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் முட்டைமெழுகி, துளைத்திட்டு இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.