டப் ரெக்கே (ரெக்கே பாட்டில் குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் வைத்து, எக்கோ சேர்த்து மறுபடி மிக்ஸ் செய்வது) கேட்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஒரு மாதமாக ஜமைக்கா இசைக்கலைஞர் அகஸ்டஸ் பாப்லோவின் 'கிங் டபீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' (1976) ஆல்பத்திலேயே கிடக்கிறேன், ஓர் உதவி வேண்டும். தலைப்புப் பாட்டு, ஜேக்கப் மில்லர் பாடிய 'பேபி ஐ லவ் யூ ஸோ'வின் டப் என்று தெரிந்ததும் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு ஆடிப்போய்விட்டேன். மில்லரின் குரல் எட்டிப் பார்க்கும், பாதி வரியிலேயே அறுபட்டு எக்கோவில் கரைந்துபோகும், அப்புறம் டிரம்ஸும் பேஸும் மட்டும் தனியாக நடந்து போகும். கிங்ஸ்டனில் ரேடியோ ரிப்பேர் பார்த்த கிங் டபி, மிக்ஸிங் மேசையையே வாத்தியமாக்கியிருக்கிறார். (பாப்லோ வாசிக்கும் மெலோடிகாவை, அதாவது வாயால் ஊதி வாசிக்கும் சின்ன கீபோர்டை, இத்தனை நாள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது.)

சரி, கேள்விக்கு வருகிறேன். இதே மாதிரி மற்ற டப்களையும் மூலப் பாட்டோடு சேர்த்துக் கேட்க ஆசை. 'கீப் ஆன் டப்பிங்', 'ஈச் ஒன் டப்' இரண்டுக்கும் மில்லரின் பாட்டுகள் கிடைத்துவிட்டன, மீதிக்கு யாராவது பட்டியல் போட்டு வைத்திருந்தால் அனுப்புங்களேன். இன்னொன்று, பழைய சாமான் கடையில் வாங்கிய என் இசைத்தட்டில் பேஸ் கொழகொழவென்று கேட்கிறது, ஊசியை மாற்றியும் அப்படியேதான். எந்தப் பதிப்பில் பேஸ் தெளிவாக இருக்கும்? உங்களிடம் இருப்பதைப் போட்டுப் பார்த்துச் சொன்னால் போதும்.