பால்மா, கனடாப் பருப்பு, தேங்காய்ப்பால் பக்கெட்: எதை மாற்றினால் பயன்?

வெள்ளவத்தை_மாடிவீடு:
வீட்டில் நாலு பேர். சூழலுக்குப் பாரம் குறையச் சமைக்கப் பார்க்கிறோம். நியூசிலாந்துப் பால்மாவுக்குப் பதில் உள்ளூர்ப் பசும்பால், கனடாவிலிருந்து வரும் மைசூர்ப் பருப்புக்குப் பதில் உள்ளூர்ப் பயறு, தேங்காய் திருவ நேரமில்லாததால் தேங்காய்ப்பால் பவுடர். இதில் எது உண்மையில் வித்தியாசம் காட்டும்? சமையல் குப்பையை உரமாக்க மொட்டைமாடியில் ஒரு வாளி வைக்க இடமுண்டு.

கணக்கர்:
கப்பலை விடுங்கள். பெரிய சரக்குக் கப்பல் ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக 10 முதல் 15 கிராம் காபனீரொட்சைட்டுத்தான் விடும். வன்கூவரிலிருந்து கொழும்புக்குக் கடல்வழி சுமார் 16,000 கிலோமீற்றர். ஒரு கிலோ பருப்புக்குக் கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். பயறு வாங்குவது நல்லதுதான், ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.

பால்மாவில் பாரம் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. ஒரு கிலோ முழு ஆடைப் பால்மாவுக்குக் கிட்டத்தட்ட 8 லீற்றர் பால் வேண்டும். மாடு ஏப்பமாக விடும் மீதேன், நூறு ஆண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டை விட 27 மடங்களவு சூடாக்கும். உள்ளூர்ப் பசுவும் அதே ஏப்பந்தான் விடுகிறது. கறவை குறைந்த பசுவென்றால் லீற்றருக்கு வரும் பங்கு இன்னும் கூடும். ஆகவே பாலை மாற்றுவதை விட, பால் தேத்தண்ணியில் ஒரு வேளையைப் பிளேன்ரீ ஆக்குவது மேல். ஆட்டிறைச்சி வாங்குகிறவர் என்றால் முதலில் அதைக் குறையுங்கள்: 2018இல் வந்த உலகளாவிய ஆய்வொன்றில் கிலோவுக்கு அது கோழியைப் போல 4 மடங்கு.

அடுப்படி:
காஸையும் பாருங்கள். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிய ஏறத்தாழ 37 கிலோ காபனீரொட்சைட்டு. கடலையை 8 மணித்தியாலம் ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். விசில் வந்தவுடன் நெருப்பை நன்றாகக் குறைக்க வேண்டும். உள்ளே சூடு 120 பாகையளவில் நின்றுவிடும், அதற்குமேல் எரிப்பதெல்லாம் ஆவியாய்ப் போகிறது. புளி, தக்காளியை அவிந்தபின் சேருங்கள். முன்னமே போட்டால் தோல் இறுகி அவிய அதிக நேரமெடுக்கும்.

தேங்காய்ப்பால் பவுடர் என்னைக் கேட்டால் வேண்டாம். பாலைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தச் சக்தி போகிறது, பல அடுக்குப் பக்கெட்டை மீள்சுழற்சிக்கு எடுப்பாரும் இல்லை. ஞாயிறு இரண்டு மூன்று தேங்காயைத் திருவி, ஒரு சமையல் அளவாகப் பிரித்து பிரீசரில் வையுங்கள். பால் எடுக்கும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் போதும்.

வெள்ளவத்தை_மாடிவீடு:
பிழிந்த சக்கையை வாளியில் போடலாமா? மணக்காதா?

தோட்டி:
தனியே கொட்டினால் மணக்கும். எண்ணெய்ப்பிடிப்பும் ஈரமும் காற்றை அடைக்க, புளித்துப்போகும். பாதியை ரொட்டி மாவில் சேருங்கள். மிச்சத்தை உதிர்த்து, ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு தும்புத்தூள் அல்லது காய்ந்த இலை என்று கலந்து போடுங்கள். வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளை இருக்க வேண்டும், மழை விழக்கூடாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வரலாம். ஒழுகினால் தும்புத்தூள் போடுங்கள். மீன் முள் போட்டால் எலி வரும். சிரட்டை லேசில் உக்காது, அதை வேறாக வையுங்கள்.