பாட்டியின் பழக்கலவை இரவுக்குள் கசந்துவிடுகிறது, உதவி தேவை

பட்டர்வொர்த் பேத்தி:
வணக்கம். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, 40 பேராவது வருவார்கள். பாட்டி இருந்தவரை முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய பால் பழக்கலவை இருக்கும். பிள்ளைகள் வந்ததும் நேராக அதற்குத்தான் போவார்கள். பாட்டி போனபின் யாரும் அதைச் செய்யவில்லை. இந்த வருஷம் நான் செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

பாட்டியின் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "எவாப்பரேட்டட் பால் 1, தண்ணீர் அரை டின், கண்டென்ஸ்ட் பால் கால் டின், கஸ்டர்ட் மாவு 3 கரண்டி, காக்டெய்ல் 1, அன்னாசி 1, ஆப்பிள், திராட்சை." காக்டெய்ல் என்றால் டின்னில் பாகோடு வரும் பலவகைப் பழத் துண்டுகள். எப்படிச் செய்வது என்று எழுதவில்லை.

மாவைக் கரைத்துப் பாலோடு காய்ச்சி, நன்றாக ஆறியதும் பழங்களைச் சேர்த்தேன். அன்னாசி சௌராஸ்தா சந்தையில் வாங்கியது, நல்ல பழுத்த பழம். வீட்டில் பாதி பப்பாளி இருந்தது, அதையும் வெட்டிப் போட்டேன். மதியம் 3 மணிக்கு ருசி பார்த்தபோது பாட்டி கைமணம் அப்படியே இருந்தது. இரவு 10 மணிக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் பால் நீர்த்து, ஓரமெல்லாம் திரிதிரியாக, ஒரே கசப்பு. பால்தான் கெட்டதோ என்று மறுநாள் புது டின் உடைத்துச் செய்தேன். மறுபடியும் கசப்புதான். எங்கே தவறு?

செந்தூல் தம்பி:
அக்கா, கஸ்டர்ட் கொதித்ததா? கெட்டியானதும் உடனே இறக்கினால் மாவு முழுதாக வேகாது, அப்புறம் நீர்த்துவிடும். குமிழி விட்ட பிறகும் ஒரு நிமிடம் கிளற வேண்டும். காக்டெய்ல் டின்னில் இருந்த பாகையும் ஊற்றினீர்களா?

பட்டர்வொர்த் பேத்தி:
நன்றாகக் கொதித்தது தம்பி. பாகை வடிகட்டிவிட்டேன். நீர்த்ததைக்கூடச் சமாளிக்கலாம், கசப்பு எங்கிருந்து வருகிறது என்றுதான் புரியவில்லை.

ஜெலுத்தோங் அக்கா:
தங்கச்சி, பால் கெடவில்லை. வேகவைக்காமல் பச்சையாகப் போட்ட அன்னாசியும் பப்பாளியும் செய்த வேலை அது. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பாயின் என்று புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஆட்டுக்கறி மெத்தென்று ஆவதற்குப் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுகிறோமே, அதே சங்கதிதான். அங்கே கறியை உடைப்பது இங்கே பாலின் புரதத்தை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் நாக்கில் கசக்கும், பாலும் திரியும். ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த வேலை மெதுவாகுமே தவிர நிற்காது. மதியம் இனித்தது இரவில் கசந்தது அதனால்தான்.

டின் அன்னாசிக்கு இந்தத் தொல்லை இல்லை. டின்னில் அடைக்கும்போது சூடேற்றுவதில் நொதி செத்துவிடும். புதுப் பழம்தான் வேண்டுமென்றால் சிறு துண்டுகளாக வெட்டி, கொஞ்சம் சீனி போட்டு, கொதி வந்தபின் 5 நிமிடம் வேகவிட்டு, ஆறவைத்து வடித்துவிட்டுச் சேருங்கள். பப்பாளியை விட்டுவிடுங்கள், வேகவைத்தால் குழைந்துபோகும். கிவியும் பச்சையாக வேண்டாம், அதிலும் இப்படி ஒரு நொதி உண்டு. ஆப்பிள், திராட்சை, டின் பீச், டின் லோங்கான் எதுவும் பாலைக் கெடுக்காது. எங்கள் அம்மா கடல்பாசியை (அகார் அகார்) காய்ச்சி, உறையவைத்துச் சிறு சதுரமாக வெட்டிப் போடுவார். கடல்பாசியில் புரதம் இல்லை, அதனால் அன்னாசி பக்கத்தில் இருந்தாலும் கரையாது. ஜெலட்டின் என்றால் கரைந்து ஓடிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கேட்டரிங்:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. 40 பேருக்கு என்றால் நோட்டில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு போடுங்கள், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வரும். டின் பழங்களைச் சல்லடையில் அரை மணி நேரமாவது வடியவிடுங்கள். சும்மா சாய்த்து ஊற்றினால் பாகு பாதி உள்ளேயே நின்றுவிடும்.

கண்டென்ஸ்ட் பால் வாங்கும்போது டின்னைத் திருப்பிப் பாருங்கள். கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது மலாயில் 'கிரிமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்று போட்டது. அதில் பனை எண்ணெய்க் கொழுப்பு சேர்ந்திருக்கும், இனிப்பு சரியாக இருக்கும், பால் மணம் குறையும். பாட்டி காலத்து ருசி வேண்டுமென்றால் 'சூசு பெக்காட்' (கெட்டிப் பால்) என்று போட்டதைத் தேடுங்கள். கஸ்டர்டை முதல் நாளே காய்ச்சி, ஆடை படியாமல் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி வையுங்கள். பழத்தை அன்று காலையில் கலந்தால் போதும். வாழைப்பழம் போடுவதாக இருந்தால் பரிமாறும்போது மட்டும். நம் ஊர் வெக்கையில் கிண்ணத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பாதியை எடுத்து வைத்து, மீதியை ஃபிரிட்ஜிலேயே விடுங்கள்.

பட்டர்வொர்த் பேத்தி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரண்டு கப்பில் சோதித்தேன். ஒன்றில் பச்சை அன்னாசி, ஒன்றில் வேகவைத்தது. இன்று காலை முதல் கப் கசப்பு, இரண்டாவது கெட்டியாக, இனிப்பாக அப்படியே இருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "பாட்டி என்றைக்கடி முழு அன்னாசி வாங்கினாங்க? கடையில் டின் அன்னாசிதானே வாங்குவாங்க" என்றார். நோட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். பால் 1, காக்டெய்ல் 1, அன்னாசி 1. எல்லாம் டின் கணக்கு. நான் அதை ஒரு பழம் என்று படித்திருக்கிறேன். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் 'டின்' என்று எழுதிவிட்டேன்.

அக்கா, கடல்பாசிக்கு 4 மடங்கு அளவில் எவ்வளவு நூல் (காய்ந்த கடல்பாசி இழை) போடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
நூல் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் காய்ச்சுங்கள் தங்கச்சி. சதுரம் கெட்டியாக நிற்க வேண்டும், இல்லையென்றால் கிளறும்போது உடையும். ஒரு பொட்டலமே போதும், அன்னாசிதான் முன்னால் நிற்கட்டும்.