வழுக்குகோணமா, உருள்சாய்வா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நீர் ஒட்டாத தகட்டை மெல்லச் சாய்த்தால் ஒரு கட்டத்தில் துளி ஓடத் தொடங்கும். அந்தச் சாய்வுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் கலைச்சொல் குழுவின் பேச்சில் 'வழுக்குகோணம்' என்ற சொல்லை ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துளி அங்கே வழுக்குவதில்லையே!

நேற்றுக் காலை கொல்லையில் ஒரு சேப்பங்கிழங்கு இலைமேல் சாக்பீஸ் தூளைத் தூவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். இலையை லேசாக அசைத்ததும் துளி தூளை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு வெள்ளை உருண்டையாக விளிம்பில் இருந்து விழுந்தது. போன தடம் மட்டும் துடைத்துவிட்டது போலப் பச்சையாக இருந்தது. அப்புறம் அடுப்படியில் இருந்து நான்ஸ்டிக் தவாவை எடுத்து வந்து அதிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சாய்த்தபோது அசையவே இல்லை. நன்றாகச் சாய்த்த பிறகுதான் முன்பக்கம் தொப்பை போட்டு, பின்பக்கம் வால் நீண்டு, இழுத்துக்கொண்டு இறங்கியது. வழுக்கல் என்றால் அதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

வழவழப்பான பரப்பில் என்னதான் நீர்விலக்குப் பூச்சு பூசினாலும் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில் நீருக்குள் அளக்கும் கோணம்; துளி உருண்டையாக ஆக ஆக அது கூடும்) ஏறக்குறைய 120 பாகையோடு நின்றுவிடும். அதைத் தாண்ட மேடுபள்ளம் வேண்டும். ஆய்வகங்களில் சிலிக்கான் தகட்டில் மைக்ரோமீட்டர் அளவில் தூண்கள் செதுக்கி, அதன்மேல் பூச்சு போடுகிறார்கள். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடந்த மாதிரி துளி தூண் நுனிகளில் கிடக்கும். அடியில் முழுக்கக் காற்று. கேசி, பாக்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1944இல் கணக்குப் போட்டுக் காட்டிய நிலை இது. தொடுகோணம் 150 பாகையைத் தாண்டிவிடும், பத்துப் பாகைகூடச் சாய்க்க வேண்டாம், துளி கிளம்பிவிடும். தாமரை இலையில் இதே வேலையை நுண்மேடுகளும் அவற்றின்மேல் படிந்த மெழுகும் செய்கின்றன என்பதை ஜெர்மனியின் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிசும் 1997இல் விரிவாக எழுதினார்கள். அழுக்கை எடுத்துப்போவது உருள்கிற துளிதான் என்பது அதில் முக்கியமான செய்தி. பெரிய துளி உருண்டுகொண்டே கொஞ்சம் வழுக்கவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனாலும் பெயர் உருளலுக்குத்தான் போக வேண்டும்.

சரி, 'உருள்கோணம்' என்றே வைத்துவிடலாமே என்று குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார். படிக்கிற பிள்ளை அதைத் தொடுகோணத்தோடு குழப்பிக்கொள்ளும். தொடுகோணம் துளியுடையது, இது தகட்டுடையது. அதனால் என் பரிந்துரை 'உருள்சாய்வு'. வினைத்தொகை, ஒற்று மிகுமா மிகாதா என்ற நம் வழக்கமான சண்டைக்கும் இடமில்லை.

தொடுகோணம் ஒன்றே போதாதா என்றால், போதாது. ரோஜா இதழில் துளி 150 பாகைக்கு மேல் முத்தாக நிற்கும். இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது! காரணம், சாய்க்கும்போது துளியின் முன்விளிம்புக் கோணத்துக்கும் பின்விளிம்புக் கோணத்துக்கும் இடையே வரும் வித்தியாசம். அது பெரிதாக இருந்தால் துளி மாட்டிக்கொள்ளும். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். இயற்பியல் பாடத்தில் magnetic hysteresis என்பதற்குக் 'காந்தத் தயக்கம்' ஏற்கெனவே இருக்கிறது. 'தொடுகோணத் தயக்கம்' என்று எடுத்துக்கொள்வோம். தவாவில் அந்தத் துளி நிஜமாகவே தயங்கித்தான் நின்றது.

நீர் ஒட்டாத தன்மைக்கு (hydrophobic) 'நீர்வெறுப்பு' வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதம். வெறிநாய்க்கடி நோய்க்கு அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது. 'நீர்விலக்கு' போதும்.

ஒன்று மட்டும் பாக்கி. இத்தகைய பரப்பில் ஆவி குளிர்ந்து உருவாகும் குட்டித் துளிகள் இரண்டு ஒன்றுசேரும்போது, பரப்பு இழுவிசையில் மிச்சமாகும் ஆற்றலால் தானாகவே எம்பிக் குதிக்கின்றன. சாய்வே தேவையில்லை, ஆகவே உருள்சாய்வுக்குள் அது அடங்காது. 'துள்துளி' என்று எழுதி வைத்திருக்கிறேன். நாலு தரம் சொல்லிப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. வேறு ஏதாவது தோன்றுகிறதா?