முத்துப்பேட்டை வெண்கண்டல் ஆய்வு: கருவியும் ஆலோசனையும் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வெண்கண்டல் மரங்களைப் பற்றி முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். ஆற்றுநீர் வரத்து குறைந்து சேற்றில் உப்பு ஏறும் கோடையில் இவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதே என் கேள்வி.

கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம், அதாவது அதிலுள்ள உப்பு நீரைத் தன் பக்கம் இழுக்கும் வலு, 25 வளிமண்டல அழுத்தத்துக்கும் அதிகம். அதை மீறித்தான் வேர் நீரை உறிஞ்ச வேண்டும். உப்பின் பெரும்பகுதியை வேரே வடிகட்டிவிடுகிறது. தப்பி உள்ளே வருவதை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் ஏறியதும் இலைமேல் உப்புத் துகள் மின்னும். தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். என்ன ஒரு நுட்பமான மரம்!

உச்சிவேளையில் நீரைக் காக்க இலைத்துளைகள் சுருங்குகின்றன. கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது, ஒளியோ குறைவதில்லை. மிஞ்சும் ஆற்றலை இலை வெப்பமாகக் கழிக்கிறது. இதை அளக்கப் பச்சைய ஒளிர்வுமானி (இலைப் பச்சையம் திருப்பி உமிழும் மெல்லிய ஒளியை அளக்கும் கருவி) வேண்டும். எங்கள் துறையில் அது இல்லை. தஞ்சை, திருவாரூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் சில நாள்களுக்கு இரவல் கிடைக்குமா? போக்குவரத்துச் செலவை நான் ஏற்கிறேன்.

இன்னொன்று: அளப்பதற்கு முன் இலையிலுள்ள உப்பைக் கழுவ வேண்டுமா? கழுவினால் இலை அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று தயங்குகிறேன். கழுவாவிட்டால் உப்புப் படலம் ஒளியைச் சிதறடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதுமா? அலையாத்தியில் நேரடியாக வேலை செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கோடை முடிவதற்குள் அளந்தாக வேண்டும்.