மார்பகப் புற்றணுவின் மேலுள்ள சர்க்கரைக்கும் நோய் பரவுவதற்கும் என்ன தொடர்பு?

வேல்விழி:
வணக்கம். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்கள் இரண்டில் நோய் இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. புற்றணுக்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகள் நோய் பரவத் துணைபுரிகின்றன என்று எங்கோ படித்ததிலிருந்து அவர் காப்பியில் சர்க்கரை சேர்ப்பதில்லை, பழங்களையும் ஒதுக்கிவிட்டார். அங்கே சொல்லப்படும் சர்க்கரை எது?

நுண்ணோக்கி:
அது காப்பியில் கரையும் சர்க்கரை அன்று, சகோதரி. நம் உயிரணுக்கள் எல்லாவற்றின் மேலும், புரதங்களிலும் கொழுப்புகளிலும் கோத்த சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. எந்தச் சங்கிலி எப்படி முடியும் என்பது உயிரணுவுக்குள் இருக்கும் நொதிகளைப் பொறுத்தது. ஏ வகை இரத்தமும் பி வகை இரத்தமும் வேறுபடுவது இத்தகைய சங்கிலியின் நுனியிலுள்ள ஒரே ஒரு சர்க்கரையால்தான். இனிப்பு உண்டு எவருக்கும் இரத்த வகை மாறியதில்லை.

பரவலுக்கு வருவோம். காயம்பட்ட இடத்துக்கு விரையும் வெள்ளையணுவின் மேல் 'சியாலில் லூயிஸ் எக்ஸ்' என்ற சங்கிலி இருக்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவரில் தோன்றும் ஈ-செலக்டின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ள, வெள்ளையணு சுவரோரமாக உருண்டு, வேகம் குறைந்து, நின்று, வெளியேறுகிறது. சில புற்றணுக்களும் இதே சங்கிலியை மிகுதியாக ஏந்துவதால், நம்மைக் காப்பதற்காக அமைந்த அந்த வழியிலேயே அவையும் குழாயை விட்டு வேறு உறுப்புக்குள் நுழைய முடிகிறது.

ஆய்வகத்தார்:
நத்தையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தையும் குறிப்பிட வேண்டும். ஹெலிக்ஸ் பொமேஷியா என்ற அந்த நத்தையின் லெக்டின், சங்கிலி நுனியிலுள்ள ஒருவகைச் சர்க்கரையைத் தேடி ஒட்டும். மார்பகக் கட்டியில் அது ஒட்டுவதற்கும் நிணநீர்க் கணுக்களில் நோய் காணப்படுவதற்கும் தொடர்புண்டு என்று 1991இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எந்தக் கட்டி பரவக்கூடும் என்பதைக் கட்டியின் சர்க்கரையிலேயே படிக்க முயன்ற அந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேல்விழி:
இருவருக்கும் நன்றி. அந்தச் சோதனையை மருத்துவரிடம் கேட்கலாமா? இச்சர்க்கரையைத் தாக்கும் மருந்து உண்டா?

நுண்ணோக்கி:
அது வழக்கமான சோதனையாக நிலைபெறவில்லை. நிணநீர்க் கணுக்களின் நிலை, ஹார்மோன்கள் வந்து பற்றும் புரதங்களான ஹார்மோன் ஏற்பிகள், சில மார்பகப் புற்றணுக்களின் மேல் மிகுந்திருக்கும் ஹெர்-2 என்ற புரதம் ஆகியவைதாம் சிகிச்சையை வழிநடத்துகின்றன. சியாலில் டிஎன் என்ற புற்றணுச் சர்க்கரையைக் குறிவைத்த தெராடோப் தடுப்பூசியை, நோய் பரவிய 1000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தும், அது நோயைத் தாமதப்படுத்தவில்லை என்று 2003இல் தெரிந்தது. எனினும் முயற்சி நிற்கவில்லை: ஹெர்-2 மிகுந்த புற்றணுக்களைத் தேடிச் செல்லும் டிராஸ்டுசுமாப் மருந்தோடு, சங்கிலி நுனியில் இருந்து நோயெதிர்ப்பு அணுக்களைத் தடுக்கும் சர்க்கரையான சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதியை இணைத்தால், நோயெதிர்ப்பு அணுக்கள் அவற்றை மேலும் திறம்படக் கொல்கின்றன என்பதைக் அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசியின் குழு 2016இல் ஆய்வகத்தில் காட்டியது.

அக்காவுக்கு நீரிழிவு இல்லையெனில், பழங்களை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து கீமோதெரபி இருக்குமானால் உடல் எடை குறையாதிருப்பது முக்கியம். உணவைப் பற்றி மருத்துவமனையின் உணவியலாளரிடமே கேளுங்கள்.